கண் கடித்தால் எந்த மருந்து?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு கண்ணும் கடிக்கிறது என்று கசக்கிக்கொண்டே இருக்கிறான். காலையில் நூல் நூலாகப் பூளை. வெயிலில் கண் திறக்கவே மாட்டான். போன வருடம் டொக்டர் எழுதித் தந்த டெக்ஸாமெத்தசோன் சொட்டு மருந்தையே பார்மசியில் திரும்பத் திரும்ப வாங்குகிறேன். உடனே சுகம் வருகிறது, நிறுத்தினால் மறுபடி தொடங்குகிறது. தொடரலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. நீங்களாக வாங்குவதை இத்தோடு விடுங்கள். அது ஸ்டீரொயிட். கடியையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும், அதனால்தான் அதில் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் கிழமைக்கணக்கில் பாவித்தால் கண்ணின் உள் அழுத்தம் ஏறலாம். அதில் நோவே இருக்காது. பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த அழுத்தத்தால் நரம்பு பழுதானால் போன பார்வை திரும்பாது. வெண்புரையும் வரலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடிதான். தொற்றுக் கண்நோயில் உறுத்தலும் எரிவும்தான் கூட. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதுக்குப் போகும். இரண்டு கண்ணும் சேர்ந்து கடித்து, நீர் வடிந்து, பூளை இழுபட்டால் ஒவ்வாமையைத்தான் முதலில் நினைப்போம். நம்முடையதைப் போன்ற வெக்கையான நாடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு ‘வேர்னல்’ என்ற கடுமையான வகை வருவதுண்டு. மேல் இமையைப் புரட்டினால் உள்ளே கூழாங்கல் பதித்தது போல முடிச்சுகள் தெரியும். வெயிலுக்குக் கண் கூசுவதால், கருவிழியிலும் புண் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

கசக்கக் கசக்கக் கருவிழி மெலிந்து கூம்பிப்போகலாம். அதற்காகப் பிள்ளையை அதட்டாதீர்கள், பாவம், அவனால் அடக்க முடியாது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வையுங்கள்.

இதற்கு வழக்கமாகக் கொடுப்பது ஒலோபட்டடின் அல்லது கீட்டோட்டிஃபென் சொட்டு. பொதுவாக நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி போதும். சோடியம் குரோமோகிளைக்கேட் என்றால் நாளுக்கு நான்கு தடவை. அது பிடிக்கக் கிழமைகள் ஆகலாம், இடையில் கைவிடக்கூடாது. கண்ணை உடனே வெளுக்க வைக்கும் சொட்டுகளும் கடையில் உண்டு. அவை வேண்டாம், விட்டபிறகு இன்னும் சிவக்கும். ஸ்டீரொயிட் சில வேளை தேவைதான், ஆனால் அழுத்தம் அளந்து, நாள் குறித்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை.

தலையணை உறையைக் கிழமைக்கொரு தடவை சுடுநீரில் கழுவுங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் தூசிப் பூச்சியைக் குறைக்க அது உதவும்.

இந்தக் கிழமைக்குள் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கும் போகலாம். இதுவரை பாவித்த போத்தலைக் கையோடு கொண்டுபோய், எத்தனை மாதமாக விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கண் சடுதியாக நொந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கள்.