பங்களாக்காரர் கைவிரித்தால் முற்பணம் யாருக்கு?

மாத்தளையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"சேர், ஓகஸ்ட் லீவுக்கு நாங்களும் திருகோணமலையிலிருந்து வந்த அக்கா குடும்பமும் ஒன்பது பேராக மஸ்கெலியாப் பக்கம் ஒரு பங்களாவில் மூன்று இரவு தங்க ஏற்பாடு செய்தோம். மொத்தம் 96,000 ரூபாய். அதில் 48,000 முற்பணமாக வங்கியில் போட்டேன், மற்றப் பேச்செல்லாம் வட்ஸ்அப்பில். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பங்களாக்காரர் கோல் எடுத்து, மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறது, யாரையும் எடுக்க முடியாது என்றார். காசைக் கேட்டால், அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று முதலே போட்டிருக்கிறேனே என்கிறார். வேண்டுமானால் றம்பொடையில் உள்ள அவருடைய மற்ற வீட்டுக்கு அதே காசுக்குப் போகலாமாம், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் வேறு திகதி தருவாராம். இதற்குள் நாங்கள் கேட்ட அதே நாட்களில் அந்தப் பங்களாவில் வேறொரு கூட்டம் பிறந்தநாள் கொண்டாடிய படங்களை பேஸ்புக்கில் பார்த்தேன். வேன்காரருக்கும் 10,000 கொடுத்து வைத்திருக்கிறேன். லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பிள்ளைகள் எங்காவது மலைப்பக்கம் கூட்டிப்போகச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள். என்ன செய்யலாம்?"

டீச்சர், முதலில் ஒரு வேலை. இதை வாசித்து முடிப்பதற்குள் அந்த பேஸ்புக் படங்களைத் திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அவை இருக்காது. உங்கள் வட்ஸ்அப் உரையாடலையும் முழுதாகச் சேமித்து, வங்கிச் சீட்டோடு ஒன்றாக வையுங்கள். வட்ஸ்அப்பில் பேசியதெல்லாம் ஒப்பந்தமா என்று பலர் கேட்கிறார்கள், ஒப்பந்தம்தான். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் செல்லாது என்று தள்ள முடியாது. ஆனால் அவர் பயணத்தை ரத்துச் செய்தது கோலில். அதனால் இப்போதே, "நீங்கள் இன்ன திகதி எனக்குப் பேசி, மண்சரிவு எச்சரிக்கை காரணமாகப் பங்களாவைத் தர முடியாது என்று சொன்னீர்கள்" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் மறுக்காவிட்டால் அது உங்களுக்குச் சாட்சி, மறுத்தால் ஏன் பயணம் நின்றது என்பதற்கு அவர் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

சரி, காசு. இந்த மாதிரி விஷயங்களில் யார் ரத்துச் செய்தார், எதற்காக என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் தீர்மானமாகும், அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்ற வரிக்கு எல்லோரும் நினைக்கிற அளவு பலம் கிடையாது. அந்த வரி பொதுவாக, நீங்களாகப் போகாமல் விட்டால் அவருக்கு வரும் நட்டத்துக்காகப் போட்டது. வீட்டைத் தர முடியாது என்று அவரே சொல்லிவிட்டு அதே வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. எழுதியது அவர், அதில் குழப்பம் இருந்தால் அவருக்கு எதிராகத்தான் வாசிப்பார்கள். அப்படியும் அந்த வரி எல்லாவற்றையும் மூடும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997 இலேயே 26 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, அது நிபந்தனை நியாயமானதா என்று கேட்கும்.

இப்போது இரண்டு வழிகள். அவர் சொன்னது உண்மை என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். யாருடைய பிழையும் இல்லாமல் ஒரு காரியம் செய்யவே முடியாததாகிவிட்டால் கடமை அங்கேயே விழுந்துவிடும், அவர் நட்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால் தராத வீட்டுக்கான முற்பணத்தை வைத்திருக்கவும் அவருக்கு உரிமை இல்லை. 48,000 உங்களுக்கு வர வேண்டும்.

உண்மைதானா என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, பெரும்பாலும் 24 மணிநேரத்துக்கு என்று வெளியிடும். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். சிவப்பு இருந்த நாளில் உங்களை எடுக்காமல் விட்டது சரியான காரியம், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கண்டவர்கள் அதில் வாதாட மாட்டோம். மஞ்சள் மட்டும் இருந்திருந்தால், செய்யவே முடியாத காரியம் என்று சொல்வது கடினம். அந்தப் பகுதிக் கிராம சேவகரிடம் கேட்டால் அந்த வாரம் என்ன நிலைமை என்று சொல்லிவிடுவார்.

ஆனால் பிறந்தநாள் கேக் வெட்டிய படம் இருக்கிறதே! மண்சரிவு ஆள் பார்த்து வருவதில்லை. உங்களைத் தடுத்த எச்சரிக்கை அந்தக் கூட்டத்தைத் தடுக்கவில்லை என்றால், கூடுதல் காசுக்கு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது, படம் எடுத்த திகதி மட்டும் உறுதியாக வேண்டும். அப்படியென்றால் இது ஒப்பந்த மீறல். முற்பணத்தோடு, அதே தரத்தில் வேறு இடம் பிடிக்க உங்களுக்குக் கூடுதலாகப் போன காசையும் கேட்கலாம். பொய்க் காரணம் சொல்லி ஏமாற்றியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவுக்குள்ளும் வரும். பிள்ளைகள் அழுதார்கள், அக்காவுக்கு முன்னால் அவமானம் என்பதற்கெல்லாம் ஒப்பந்த வழக்கில் பொதுவாகக் காசு கிடைக்காது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கேதான் நீங்கள் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதும் சட்ட விஷயமாகிறது. நட்டம் பட்டவர் அந்த நட்டத்தைத் தன்னால் முடிந்தவரை குறைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 96,000 ரூபாய் பங்களாவுக்குப் பதிலாக 110,000 ரூபாயில் அதே மாதிரி ஒரு வீடு எடுத்தால் வித்தியாசம் 14,000, அதைக் கேட்கலாம். நுவரெலியாவில் வெந்நீர்த் தொட்டியோடு பெரிய ஹோட்டலில் போய்ப் படுத்துவிட்டு பில்லை அவருக்கு அனுப்பினால் எந்த நீதிபதியும் சிரிப்பார். நாலைந்து இடங்களில் விலை கேட்ட மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், மலிவாகத் தேடினேன் என்பதற்கு அவைதான் அத்தாட்சி.

அவர் தரும் றம்பொடை வீட்டை எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆறு மாதத்துக்குள் வேறு திகதி என்பதும் அப்படியே. ஒருவர் கேட்டது ஒரு வீடு, கொடுப்பது இன்னொன்று என்றால் அது புது ஒப்பந்தம், நீங்கள் சம்மதித்தால்தான் உண்டு. சம்மதித்துவிட்டால் பழையது மறைந்துவிடும், அப்புறம் பேஸ்புக் படத்தைக் காட்டி வாதாடுவது கஷ்டம். அதனால் வட்ஸ்அப்பில் அவசரப்பட்டு "ஓகே" போடாதீர்கள், கட்டைவிரலை உயர்த்துகிற அந்தச் சின்னப் படத்தையும் போடாதீர்கள். ஒருவேளை அந்த வீடே வசதி என்று தோன்றினால், "என் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதை ஏற்கிறேன்" என்ற ஒரு வரியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் எடுக்க வேண்டாம். சட்டத்தரணியாக இல்லாமல் மலைநாட்டுக்காரனாகச் சொல்கிறேன். ஓகஸ்டில் தென்மேல் பருவமழை மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனை, றம்பொடை என்று மேற்குச் சரிவுகளைத்தான் நனைக்கும். ஒரு மழையிலிருந்து இன்னொரு மழைக்குப் போவானேன்? அதே நேரத்தில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும், அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கே வாசம் ஏறுகிறது. பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். எல்ல நல்ல இடம்தான், ஆனால் ஒன்பது பேருக்கு அங்கே கேட்கிற விலை வேறு. வயதானவர்கள் கூட வந்தால் பண்டாரவளைக் குளிர் தாங்கும், நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே இரவில் முழங்கால் பேச ஆரம்பிக்கும். ஹப்புத்தளையில் இருந்தால் விடிய முன்னர் தம்பேதன்னைத் தோட்டத்து வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏறிவிடுங்கள், ஒன்பது மணி தாண்டினால் பெரும்பாலும் மூடுபனியைத்தான் பார்க்கலாம். சிவனொளிபாதமலை ஏறுவது என்று பிள்ளைகள் நின்றால், மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு அந்தப் பருவம் முடிந்துவிட்டது, இந்த மழையில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாதை பற்றி ஒரு வார்த்தை. மாத்தளையிலிருந்து எல்லோரும் கம்பளை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை என்றுதான் யோசிப்பார்கள். நானென்றால் இந்த மாதத்தில் கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கி பதுளை வழியாகப் போவேன், பதினெட்டு வளைவு தலைசுற்ற வைத்தாலும் மழை குறைவு. கண்டியில் பெரஹரா நாட்கள் என்றால் விடியற்காலையிலேயே நகரத்தைத் தாண்டிவிடுங்கள்.

புது இடத்துக்குக் காசு போடும் முன்னர், வங்கிக் கணக்கின் பெயரும் உங்களோடு பேசுகிறவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மச்சானுடைய கணக்கு, மனேஜருடைய கணக்கு என்றால் யாரிடம் கேட்பது என்று பிறகு நாங்கள் தலையைச் சொறிய வேண்டும். தோட்டத்துப் பங்களா என்றால் அதை வாடகைக்கு விட அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், கம்பனி பங்களாவைத் தன் வீடு மாதிரி வாடகைக்கு விட்ட கதைகள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வானிலையால் நீங்கள் வர முடியாவிட்டால் என்ன, அவர் தர முடியாவிட்டால் என்ன என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு காசு போடுங்கள்.

பழைய ஆளுக்கு இப்போது 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எவ்வளவு, எதற்காக, எந்தக் கணக்குக்கு என்பது போதும், திட்ட வேண்டாம், கடவுளைக் கூப்பிட வேண்டாம். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், அதற்கு மூன்று மாதக் காலவரையறை உண்டு, ஆறப் போடாதீர்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம். வழக்கு என்று போவதானால், இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, அது உங்களுக்கு நல்லது, செலவு மிச்சம். எந்தச் சபை என்று பிரதேச செயலகத்தில் சொல்வார்கள். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் 48,000 ரூபாய்க்காக மாவட்ட நீதிமன்றப் படி ஏறும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். படத்தையும் கடிதத்தையும் கண்டால் அவர் மத்தியஸ்த சபையிலேயே இறங்கி வருவார் என்று நினைக்கிறேன்.

வேன்காரர் கதை வேறு. அவர் பிழை எதுவும் செய்யவில்லை, பங்களாக்காரர் ஏமாற்றியதற்கு அவர் பொறுப்பில்லை. அந்த 10,000 ஐத் திருப்பிக் கேட்பதை விட அதே முற்பணத்தில் பண்டாரவளைக்கு ஓடச் சொல்லிக் கேளுங்கள், தூரம் கூடினால் வித்தியாசத்தைக் கொடுங்கள். கேட்கும்போது காப்புறுதி ஹயருக்கு எடுத்ததா, வெறும் சொந்தப் பாவனைக்கு எடுத்ததா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், சொந்தப் பாவனைக் காப்புறுதியில் கூலிக்கு ஆள் ஏற்றி ஏதாவது நடந்தால் கம்பனி கையை விரித்துவிடும். பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மறந்துபோகிற விஷயமில்லை 2025 செப்டெம்பரில் நடந்த அந்த எல்ல, வெல்லவாய வீதி பஸ் விபத்து.