பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் போதுமா, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், ஷிஃப்ட் முறை. பல மாதமாக ஒரே அசதி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 6 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாள் சாப்பிட்டதிலேயே வயிற்றைப் புரட்டியது, மலம் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் இயற்கை மருத்துவம் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சூப் போதும், கூடவே வெறும் வயிற்றில் சாயூர் மானிஸ் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடி என்றார். மூன்று வாரமாகக் குடிக்கிறேன். ரத்தம் ஊற ஒரு மூலிகைப் பொடியும் டப்பா 80 வெள்ளிக்குத் தருகிறார், இன்னும் வாங்கவில்லை. மாதவிடாயில் எனக்கு எப்போதுமே போக்கு அதிகம்தான். உணவே மருந்து என்கிறார்களே, உணவாலேயே இதைச் சரிசெய்ய முடியாதா?

பதில்: சகோதரி, அந்தப் பச்சை சாயூர் மானிஸ் சாற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

அந்தக் கீரையை சூப்பிலோ முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டியோ இங்கே எல்லா வீட்டிலும் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், அதில் ஒரு பயமும் இல்லை, நல்ல சத்துள்ள கீரை. ஆனால் 1994, 95 வாக்கில் தைவானில் உடம்பு இளைக்கும் என்று நம்பி நிறையப் பேர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், இதே கீரையைப் பச்சையாகச் சாறெடுத்து வாரக்கணக்கில் தினமும் குடித்தார்கள். நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. குடிப்பதை நிறுத்திய பிறகும் அந்தப் பாதிப்பு மாறவில்லை, சிலர் இறந்தே போனார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. உங்களுக்கு மூச்சு வாங்குவது ரத்தக் குறைவால்தான் இருக்கும், சாறு குடிக்கும் முன்பே அது இருந்திருக்கிறது. இருந்தாலும் அடுத்த முறை கிளினிக் போகும்போது இந்த மூன்று வார விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். வறட்டு இருமல் தொடங்கியிருந்தாலோ மூச்சு முன்பைவிட மோசமாகியிருந்தாலோ நாளைக்கே போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உணவால் நோய் தீராது என்று நான் சொல்லவே மாட்டேன். மலேசியாவில் மருத்துவம் பார்க்கிற யாரும் அப்படிச் சொல்லக்கூடாது என்பதுதான் என் எண்ணம், ஏனென்றால் சத்துக்குறைவு என்றால் என்னவென்று உலகத்துக்குப் புரியவைத்ததில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கால் வீங்கி, நரம்பு செத்து, இதயம் நின்று ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. காற்றா, கிருமியா, இடமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்கு நம் ஆட்கள் சாப்பிட்ட புழுங்கல் அரிசியும் போட்டுப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம்தான் நோய் குவிந்தது. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே உறுதிசெய்தார்கள். வைட்டமின் என்ற பெயரே 1912-இல்தான் வந்தது, அதற்கு முன்பே நடந்த கதை இது! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் சோற்றுப் பானையில் வைத்திருந்த மருந்து அது.

ஆனால் அந்தக் கதையை நன்றாகக் கவனித்தால் ஒன்று தெரியும். "சத்தானது எதையாவது சாப்பிடு" என்று அங்கே யாரும் பொதுவாகச் சொல்லவில்லை. குறைவது எது, அது எந்த உணவில் இருக்கிறது, தேவையான அளவு உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். உங்கள் தாமான் அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இந்தக் கணக்கைப் போடவில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை, உங்களுக்கு 8.9. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது, 15-க்குக் கீழே வந்தால் சேமிப்பு காலி என்று அர்த்தம், உங்களுக்கு 6. ரத்தத்தையும் சரிசெய்து சேமிப்பையும் நிரப்ப உங்கள் உடம்புக்குள் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு போய்ச் சேர வேண்டும். சாப்பிட்டால் மட்டும் போதாது, குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர வேண்டும். நல்ல சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பு இழுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம், குறைவு இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கும் மாதவிடாய்க்குமே போய்விடும்.

பீட்ரூட் 100 கிராமில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதன் சிவப்பு வேறொரு நிறமி, ரத்தத்தின் சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பேரீச்சம்பழம் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் அளவு, நீங்கள் தின்பது நாலைந்து பழம், சர்க்கரைதான் அதிகம் சேரும். முருங்கைக்கீரை தேவலாம், 100 கிராமுக்கு 4 மில்லிகிராம் வரை உண்டு, ஆனால் ஒரு கைப்பிடி உருவிய இலை 25 கிராம்கூட வராது, அதோடு கீரையிலுள்ள இரும்பில் மிகச் சிறிய பங்குதான் உடம்பில் ஒட்டும். முருங்கையை நான் குறைத்துப் பேசவில்லை. வைட்டமின் ஏ-க்கும் கால்சியத்துக்கும் அருமையான கீரை, வாரத்தில் பல நாள் சாப்பிடுங்கள். 8.9-ஐ 12-க்கு ஏற்றும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

கிளினிக்கில் வழக்கமாகக் கொடுக்கும் ஃபெரஸ் ஃபுமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே ஆறு மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். மாதக்கணக்கில் முடிய வேண்டியதை வருடக்கணக்கில் இழுக்க வேண்டாம் என்றால் மாத்திரை வேண்டும்.

கறுப்பு மலத்துக்குப் பயப்படாதீர்கள், உடம்பில் சேராத இரும்பு அப்படித்தான் வெளியேறும். தார் மாதிரி பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால்தான் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். வயிற்றுப் புரட்டலுக்கு வழி இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாளைக்கு இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் அளவு கூடும், தொந்தரவும் குறையும். வெறும் வயிற்றில் முடியவில்லையென்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போடுங்கள், சேர்வது சற்றுக் குறையும், ஆனால் நாலாம் நாள் நிறுத்திவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். மாத்திரையோடு கொய்யாத் துண்டு நாலு தின்னுங்கள், அல்லது லிமாவ் கஸ்தூரி எலுமிச்சை பிழிந்த தண்ணீர் குடியுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

இங்கே முக்கியமான எதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் தே தாரிக். ரொட்டி சானாயோடு ஒன்று, ஷிஃப்ட் இடைவேளையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று போகிறதல்லவா? சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் அந்தச் சாப்பாட்டின் இரும்பில் பாதிக்கு மேல் சேரவிடாமல் தடுத்துவிடும், பாலிலுள்ள கால்சியமும் அதற்குத் துணை. காப்பியும் தடுக்கும், கொஞ்சம் குறைவாக. விடச் சொல்லவில்லை, பினாங்கில் இருந்துகொண்டு அதை நான் சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அது போதும்.

நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. அசைவம் என்றால் ஈரல்தான் முதலிடம், 100 கிராம் கோழி ஈரலில் 9 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உண்டு, அதுவும் எளிதாகச் சேரும் வகை. பசாரில் விலையும் குறைவு. வாரம் ஒருமுறை மிளகு போட்டுப் பிரட்டிச் சாப்பிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், வைட்டமின் ஏ மிகையாகிவிடும். ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி எல்லாம் நல்லவை. கெராங் சிப்பி பிடிக்குமென்றால் அதிலும் இரும்பு நிறைய உண்டு, ஆனால் சார் குவே தியாவில் போடுகிற மாதிரி அரைவேக்காட்டில் வேண்டாம், ஹெபடைடிஸ் ஏ வரக்கூடும். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

சைவம் என்றால் பருப்பு, முளைகட்டிய பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தெம்பே, கேழ்வரகு. முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும், அதனால் கேழ்வரகைப் புளித்த கூழாகவோ தோசையாகவோ சாப்பிடுவது நல்லது. கீரையோ பயறோ அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பழைய இரும்புச் சட்டி பரணில் கிடந்தால் இறக்குங்கள், அதில் கொதிக்கும் புளிக்குழம்பில் இரும்பு உண்மையாகவே கரைந்து சேர்கிறது. தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருப்பதால் ஒன்றும் ஆகாது, ஆனால் பல வருடமாக முழுச் சைவம் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் ரத்தச்சோகை வரும், முருங்கையிலும் கிடையாது, பீட்ரூட்டிலும் கிடையாது.

இன்னொன்று கேட்கிறேன். ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் போலவோ, பச்சரிசியை அள்ளி வாயில் போட வேண்டும் போலவோ இருக்கிறதா? வெட்கப்பட்டுப் பலர் சொல்லவே மாட்டார்கள். அது கெட்ட பழக்கம் இல்லை, இரும்புக் குறைவின் அடையாளம், இரும்பு ஏறியதும் தானாகப் போய்விடும்.

அந்த 80 வெள்ளிப் பொடியை வாங்காதீர்கள். இந்த நாட்டில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கு எம்.ஏ.எல் என்று தொடங்கி டி எழுத்தில் முடியும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும், எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். டப்பாவில் அது இல்லையென்றால் உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. பதிவில்லாத பொடிகளில் ஈயம் கலந்திருந்ததை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறோம், ஈயமே ரத்தச்சோகையை உண்டாக்கும். நல்ல சித்த வைத்தியரிடம் போக வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், பாரம்பரிய மருத்துவத்துக்கென்று 2016-இல் சட்டமே வந்திருக்கிறது, அதன்படி பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டு உங்கள் ரத்த அறிக்கையையும் எடுத்துப் போங்கள்.

கடிதத்தில் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாதவிடாயில் போக்கு அதிகம் என்கிறீர்கள், எப்போதுமே என்றும் சொல்கிறீர்கள். ஒரு மணிக்கொருமுறை பேட் மாற்றுகிறீர்களா, ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாக விழுகிறதா? அப்படியென்றால் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. மூலத்தில் ரத்தம் போவது, மூட்டுவலிக்கென்று அடிக்கடி வலிமாத்திரை போடுவதால் வயிற்றில் புண், இவையும் காரணமாகலாம். இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து நாலு வாரத்தில் ரத்தம் எடுங்கள், ஹீமோகுளோபின் 2 புள்ளி அளவுக்காவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையை மாற்றுவதா, ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதா, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தலசீமியா இந்த நாட்டில் அபூர்வமில்லை, 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கே சோதனை நடக்கிறது. அளவு 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடாதீர்கள், சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். இடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் போட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.