38 நாள் மேஜர் லீக் சம்பளம்: வீடு வாங்கலாமா?

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்கர், பேஸ்பால் பிட்ச்சர் (பந்து எறிபவர்), வயது 29. ஏழு வருடமாகக் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகில் ஆடியவரை 2025 சீசனில் உச்சநிலையான மேஜர் லீக் அணி மேலே கூப்பிட்டது. 38 நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீசனோடு ஒப்பந்தமும் முடிந்தது. பிடித்தம் போக ஏறக்குறைய 88,000 டாலர் கைக்கு வந்தது. "அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள், இதை முன்பணமாகக் கட்டி வீடு வாங்கிவிடலாம்" என்கிறார். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், வருமானம் இல்லை. கிரெடிட் கார்டில் 11,000 டாலர் கடன். என்ன செய்யச் சொல்வது?
- ஒரு வாசகி, நியூ ஜெர்ஸி

பதில்: அம்மா, முதலில் மாப்பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மைனர் லீகில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள்கூட மேலே போவதில்லை. ட்ரூ மேகி என்ற ஆட்டக்காரர் 13 வருடம், 1,100-க்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டங்கள் ஆடிய பிறகுதான், 2023 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அணிக்காக முதல்முறை மட்டையோடு களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அணிக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள்.

வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் மாப்பிள்ளையும் மகளும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லுங்கள். மேலே இருந்தபோது வந்த சம்பளச் சீட்டையும், அதற்கு முன் மைனர் லீகில் வந்த சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். 2025-ல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7,60,000 டாலர். சீசன் 186 நாள், ஆக ஒரு நாளுக்கு ஏறக்குறைய 4,100. மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள்-ஏ நிலைக்கு 2023-ல் போட்ட ஒப்பந்தப்படி குறைந்தபட்சம் ஆண்டுக்கே 35,800 டாலர்தான். மேஜர் லீகில் ஒன்பது நாளில் சம்பாதித்ததை ட்ரிபிள்-ஏயில் ஒரு வருடம் முழுக்க ஆடிச் சம்பாதிக்க வேண்டும். மேலே போய் வந்தவர் என்பதால் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி மாதத் தவணை கட்ட முடியாது. எந்த ஊர் அணி எடுக்கும் என்பதும் தெரியாது. ஒரு ஊரில் வீடு வாங்கிவிட்டு, ஏப்ரலில் ஆயிரம் மைல் தள்ளிப் போய் ஆட வேண்டி வந்தால் அந்த வீட்டை யார் பார்ப்பது? இப்போதைக்கு வீடு வேண்டாம்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். 15 நாளுக்கு 61,000 டாலர் சம்பளம் போட்டால், வருடம் முழுக்க அதே சம்பளம் வரும் என்று கணக்குப் பண்ணித்தான் வழக்கமாக வரி பிடிப்பார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கோ 38 நாள்தான் அந்தச் சம்பளம். இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் மத்திய வரியில் கணிசமான தொகை திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஆனால் வெளியூரில் ஆடிய நாட்களுக்கு அந்தந்த மாநிலம் தன் பங்கு வரியைக் கேட்கும். கலிஃபோர்னியாவில் ஆடினால் உண்டு, டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை. விளையாட்டு வீரர்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் கொடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

இப்போது கையில் இருக்கும் 88,000. முதலில் கிரெடிட் கார்டு கடன் 11,000-ஐ இந்த வாரமே அடைக்கச் சொல்லுங்கள். அந்த வட்டியை விடக் கூடுதலாக எந்த முதலீடும் உறுதியாகத் தராது. அப்புறம் ரோத் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் ஆளுக்கு 7,000 போடலாம். மகளுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கணவர் வருமானத்தை வைத்து அவள் பெயரிலும் போட முடியும். 2025-க்கான கெடு 2026 ஏப்ரல் 15. போட்ட அசலை அவசரத்துக்கு வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால்தான் இவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மீதி 63,000. மாதம் 3,500-ல் குடும்பம் நடந்தால் இது பதினெட்டு மாதச் செலவு. அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திரத்திலோ, நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கிலோ இருக்கட்டும். பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். இன்னும் இரண்டு சீசன் முயன்று பார்ப்பதற்கான பணம் இது. ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் பிழைப்புக்காகக் கிடங்கில் மூட்டை தூக்காமல், பந்து எறிந்து கையைப் பழக்கலாம்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். மேஜர் லீகில் 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் ஐந்தே நாள். ஆகவே புது ஒப்பந்தம் பேசும்போது இரண்டு அணிகள் கேட்டால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், பிட்ச்சர்கள் பற்றாக்குறையாக இருந்து மேலே கூப்பிட வாய்ப்புள்ள அணியையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மேலே இருந்தவருக்கே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் தகுதி உண்டு என்பதால் ஆட்டக்காரர் சங்கத்தில் அதையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். முதல் ஒப்பந்தத்தில் கல்லூரிப் படிப்புக்கு அணி பணம் தரும் என்ற பிரிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ஆட்டத்தை விட்ட இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அது போய்விடும்.