ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை: டேஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 4 வயது. காலையில் ஏசி போட்டதும் காயாத துணியின் வாடை வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது சில சமயம் திரும்ப வரும். குளிர்ச்சியில் குறையில்லை. பெர்ஃப்யூம் வைத்தால் இரண்டும் கலந்து தலைவலிதான் மிச்சம். டேஷ்போர்டைக் கழற்றி கூலிங் காயிலைக் கழுவ வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், வேளச்சேரி, சென்னை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது கடைசி வேலை.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் ஓடுகிறது. சென்னைக் காற்றின் ஈரப்பதம் அதில் பட்டு நீராகி, ட்யூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். வண்டியை நிறுத்தும்போது காயில் நனைந்தபடியே இருட்டுப் பெட்டிக்குள் அடைபடுகிறது. அதில் படிந்த தூசியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. சிக்னல் விஷயத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. அங்கே கம்ப்ரஸர் (குளிரூட்டும் கேஸை அழுத்தும் பம்ப்) நின்றதும் காயில் லேசாகச் சூடேறி, அதன் ஈரம் ஆவியாகி வாடையோடு வருகிறது. ஏசி போடாமலே நாறினால் கார்ப்பெட்டைச் சந்தேகிக்கலாம்; உங்களுக்குக் காயில்தான்.

முதலில் கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) பாருங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுக்கலாம். கறுத்து, இலைச்சருகு சிக்கியிருந்தால் புதிது போடுங்கள். கழுவிக் காயவைத்துப் போடுவது வீண். நம் ஊர்த் தூசிக்கு வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்து, ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். புழுக்கமான நாளில் சொட்டாவிட்டால் ட்யூப் அடைத்திருக்கிறது. இடப்பக்க முன்சீட்டின் காலடிக் கார்ப்பெட்டும் ஈரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடைப்பெடுப்பது சின்ன வேலைதான்.

இவை சரியாக இருந்தால் ஃபோம் க்ளீனிங். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அணைத்து, காயிலில் நேரடியாகப் படும்படி குழாய் விட்டு நுரை அடிக்க வேண்டும். டேஷ்போர்டு வென்ட்டில் பீய்ச்சிவிட்டு 'முடிந்தது சார்' என்பவர்களும் உண்டு. அந்த நுரை காயிலைத் தொட்டிருக்கவே செய்யாது. ப்ளோயர் (காற்றைத் தள்ளும் ஃபேன்) மோட்டார், வயர் கனெக்டர்களில் நுரை படக்கூடாது. டின்னில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டால் அழுக்கு ட்யூப் வழியே வடியும். பிறகு கண்ணாடிகளை இறக்கி ப்ளோயரை ஓடவிட்டுக் காயவையுங்கள். ப்ளீச் மட்டும் கூடாது, காயில் அலுமினியம், அரித்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பழையபடி ஈரக் காயிலோடு வண்டியைப் பூட்டினால் வாடை திரும்ப வந்துவிடும். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ/சி பட்டனை மட்டும் அணையுங்கள். ப்ளோயர் ஓடட்டும், வெளிக்காற்று வரும்படி லிவரை மாற்றுங்கள். மழை நாளில் ஓட்டும்போது இதைச் செய்யாதீர்கள், முன்கண்ணாடி பனிபடர்ந்துவிடும், நிறுத்தியபின் செய்துகொள்ளலாம். வைப்பருக்குக் கீழே சேரும் சருகையும் அவ்வப்போது அள்ளிப் போடுங்கள், காற்று உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

வேறு வாடைகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. இனிப்பான வாடையும் முன்கண்ணாடியில் பிசுபிசுப்பும் என்றால் ஹீட்டரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. அழுகல் நாற்றத்துக்கு உள்ளே செத்த எலியைத் தேடுங்கள். வயர் கருகும் வாடை வந்தால் ஏசியை உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரண்டு முறை ஒழுங்காக நுரை அடித்தும் வாடை போகாவிட்டால், அல்லது புது ஃபில்டர் போட்டும் காற்றின் வேகம் குறைந்தால், அப்போது டேஷ்போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். காயிலை வெளியே எடுத்தால் கேஸ் புதிதாக நிரப்ப வேண்டிவரும். பில் கட்டும் முன், ஓ-ரிங்குகளை (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றினார்களா, கேஸ் ஏற்றும் முன் வாக்யூம் போட்டார்களா (பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார்களா) என்று கேளுங்கள்.