வெள்ளைச் சட்டையை நம்பலாமா? - கேமரா கேள்வி பதில்

படத்தில் தேவையில்லாமல் ஏறிக்கொள்ளும் மஞ்சள், நீலம், பச்சைச் சாயல்கள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் ஆரஞ்சாக இருக்கிறது. படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) கூடக் கூட வெளிச்சம் நீலமாகும் என்று படித்ததால் எண்ணைக் கூட்டினேன். படம் இன்னும் ஆரஞ்சாகிறது. ஸ்லைடர் தலைகீழாக வேலை செய்கிறதா?

பதில்: நீங்கள் படித்ததும் சரி, ஸ்லைடரும் சரி. அந்த எண் படத்துக்கு நீங்கள் கேட்கும் நிறம் அல்ல. எடுத்தபோது எப்படிப்பட்ட வெளிச்சம் இருந்தது என்று மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் தகவல். 2,800 என்றால் 'ஓஹோ, ஆரஞ்சு வெளிச்சம்' என்று எடுத்துக்கொண்டு ஈடுகட்ட நீலத்தைக் கூட்டும். 8,000 என்றால் நீல வெளிச்சம் என்று நினைத்து மஞ்சளைக் கொட்டும். ஆகவே பல்பு படத்துக்கு எண்ணைக் குறைக்க வேண்டும். டங்ஸ்டன் பல்புக்கு 2,700 முதல் 3,200, நண்பகல் வெயிலுக்கு 5,500, மேகமூட்டத்துக்கு 6,500, திறந்தவெளி நிழலுக்கு 7,000 முதல் 8,000 என்று வைத்துத் தொடங்கலாம்.

எண் சிறியதாக இருக்கும் பக்கத்தில் ஸ்லைடரை மெல்ல நகர்த்துங்கள். 2,500-லிருந்து 3,000-க்குப் போனால் படமே மாறிவிடும். 7,000-லிருந்து 7,500-க்குப் போனால் மாறியதா என்றே சந்தேகம் வரும். பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் மைரெட் என்ற அளவு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏறக்குறைய அதன்படிதான் நடக்கிறது. முதல் நகர்த்தல் 67 மைரெட், இரண்டாவது பத்துக்கும் குறைவு.

பல்பு படத்தில் மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். கணக்குப்படி 2,800 சரி என்றால் 3,100-ல் நிறுத்துங்கள். இரவு நேரத்து அறை இரவு நேரத்து அறையாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலை நீக்கும் திருத்தம்) ஐட்ராப்பரை வெள்ளைச் சட்டையில் வைத்துச் சொடுக்கினால் முகம் மஞ்சளாகிவிடுகிறது. வெள்ளையில்தானே வைக்க வேண்டும்?

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் இது. சட்டை வெள்ளையாகத் தெரிவதும் எந்தச் சாயலும் இல்லாத நடுநிலை நிறமாக இருப்பதும் ஒன்றல்ல. சலவைத் தூளிலும் அச்சுத் தாளிலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். 'பளிச் வெண்மை' என்பது பெரும்பாலும் இந்த நீலம்தான். நீங்கள் அதைக் காட்டி 'இது நடுநிலை' என்றதும் மென்பொருள் அந்த நீலத்தைப் படம் முழுவதிலிருந்தும் கழிக்கிறது, முகம் மஞ்சளாகிறது. புற ஊதா அதிகம் இல்லாத டங்ஸ்டன் வெளிச்சத்தில் இதே சட்டை அவ்வளவு ஏமாற்றாது.

இரண்டாவது காரணம், வெளிச்சம் மீறிப்போன வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களில் ஏதாவது ஒன்று உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே உண்மையான விகிதம் அழிந்துபோயிருக்கும். அந்தப் புள்ளி சொல்வது பொய்க் கணக்கு. மூன்றாவது, சட்டை மடிப்பின் நிழலுக்கு வானத்து நீல வெளிச்சம், முகத்துக்கு நேர் வெயில். இரண்டும் வேறு வேறு வெளிச்சம். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்த முடியாது.

எனவே பளபளப்பில்லாத, சாம்பல் நிறமான, முகத்தின் மேல் விழும் அதே வெளிச்சம் விழுகிற பொருளைத் தேடுங்கள். அளவு 120-க்கும் 200-க்கும் இடையில் இருப்பது நல்லது. பல், கண்ணின் வெள்ளை, ஸ்டீல் பாத்திரம் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் இயல்பிலேயே வெள்ளை இல்லை. ஸ்டீல் எதிரில் இருப்பதை எல்லாம் பிரதிபலிக்கும். முன்யோசனை இருந்தால் கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) ஒன்றே போதும். முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, அதில் சொடுக்கி, வந்த அமைப்பை அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் ஒட்டிவிடலாம். வெளிச்ச அளவுக்கென்று மட்டும் செய்த மலிவான அட்டைகள் சில நிறத்தில் நடுநிலையாக இருப்பதில்லை. ஒயிட் பேலன்ஸுக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

சரியாக வந்ததா என்பதைக் கண்ணை விட எண்ணில் பாருங்கள். சாம்பல் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்; இரண்டு மூன்று முன்பின் இருந்தால் குற்றமில்லை. 168, 160, 141 என்று வந்தால் மஞ்சள் மிச்சம் இருக்கிறது. 150, 158, 150 என்றால் பச்சை. சாம்பலே இல்லாத படத்தில் தோலைப் பாருங்கள். கறுப்போ சிவப்போ, இயல்பான வெளிச்சத்தில் சிவப்பு எண் அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் ரோஸ் பூசியதுபோல் இருக்கும்.

கேள்வி: டியூப்லைட் வெளிச்சத்தில் தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று பச்சை, அடுத்தது மஞ்சள். கேமரா பழுதா?

பதில்: பழுது இல்லை. டியூப்புக்குள் இருக்கும் பாதரசம் 546 நானோமீட்டரில் கூர்மையான பச்சையை வெளியிடுகிறது. அந்தச் சாயல் கெல்வின் ஸ்லைடரால் போகாது. கீழே உள்ள டின்ட் ஸ்லைடரை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் நகர்த்த வேண்டும், பெரும்பாலும் 10 முதல் 30 வரை. படத்துக்குப் படம் மாறுவதற்குக் காரணம் வேறு. சோக் வைத்த டியூப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. துடிப்பின் உச்சியில் ஒரு நிறம், இறக்கத்தில் ஒரு நிறம். ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று வைத்து எடுத்தால் துடிப்பின் ஒரு துண்டுதான் சிக்கும். முழுத் துடிப்பும் அடங்க ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60.

கேள்வி: முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் பல்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது.

பதில்: ஒரே எண்ணால் இரண்டையும் திருத்த வழியே இல்லை. ஜன்னல் பக்கத்துக்குப் படம் முழுவதையும் சரிசெய்துவிட்டு, பல்பு பக்கத்தில் மட்டும் பிரஷ் மாஸ்க் போட்டு, அந்த மாஸ்க்குக்குள் டெம்பரேச்சரை நீலப் பக்கம் இறக்குங்கள். மாஸ்க்கின் ஓரம் மூக்கின் மேல் வெட்டுக்கோடாகத் தெரியாதபடி ஃபெதரைத் தாராளமாக வையுங்கள். எடுக்கும்போதே பல்பை அணைத்திருந்தால் இந்த வேலையே இல்லை. பல்பை அணைக்க முடியாத அறையில் ஃபிளாஷ் போடுவதானால், ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டி அதைப் பல்பின் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி.

கேள்வி: ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலத் தரவு) இல்லை, ஜேபெக் மட்டும் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: ஓரளவு. ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு நடு ஐட்ராப்பரால் சாம்பல் இடத்தைச் சொடுக்குங்கள். லேயரின் மோடைக் 'கலர்' என்று மாற்றினால் வெளிச்சம் மாறாமல் நிறம் மட்டும் மாறும். ஜிம்ப் மென்பொருளில் இதே ஐட்ராப்பர் லெவல்ஸில் இருக்கிறது. சாம்பலே அகப்படவில்லை என்றால் படத்தை நகலெடுத்து, பிளர் மெனுவில் ஆவரேஜ் கொடுங்கள். படம் முழுக்க ஒரே நிறமாகும். அதற்கு மேல் கர்வ்ஸ் வைத்து அந்த நிறத்தில் சொடுக்கிவிட்டு, நகலை நீக்குங்கள். படத்தின் சராசரி நிறம் சாம்பல் என்ற ஊகத்தில் ஓடும் முறை இது. புல்வெளியே நிறைந்த படத்தில் புல்லைத்தான் சாயல் என்று நினைத்து எல்லாவற்றையும் மெஜந்தா ஆக்கிவிடும்.

ஜேபெக்கில் ஒரு சானலுக்கு 256 படிகள்தான். பல்பு வெளிச்சத்தில் நீலச் சானல் இருண்டு கிடக்கும். அதை இழுத்துத் தூக்கினால் நிழல்களில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் கிளம்பும். அப்படி ஆனால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பழைய கலர் பிரிண்ட்டை ஸ்கேன் செய்தால் எல்லாம் சிவப்பு. ஒயிட் பேலன்ஸ் உதவவில்லை.

பதில்: உதவாது. இது வெளிச்சத்தின் சாயல் அல்ல, சாயம் மங்கியதால் வந்தது. அந்தக் கால பிரிண்ட்கள் பலவற்றில், ஆல்பத்தின் இருட்டில் இருந்தாலும், சிவப்பைத் தடுக்கும் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கும். சிவப்பைத் தடுக்க ஆள் இல்லாமல் போகிறது. ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்து, சானலுக்கு 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளை ஓரத்தை முதலில் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) முனை தவறாகத் தெரியும். பிறகு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சானலாகத் திறந்து, இரு முனை ஸ்லைடர்களையும் ஹிஸ்டோகிராம் தொடங்கும், முடியும் இடங்களுக்கு இழுங்கள். அதற்குப் பிறகும் முகம் சிவந்தே இருந்தால் சிவப்புச் சானலின் நடு ஸ்லைடரைச் சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி: அந்திவானப் படத்தில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கொடுத்தால் உயிரே போய்விடுகிறது.

பதில்: ஆட்டோவுக்கு அந்தி தெரியாது. 5,500-ல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்.

கேள்வி: என் கணினியில் சரியாக இருக்கும் படம் மற்றவர்கள் திரையில் நீலமாகத் தெரிகிறது.

பதில்: உங்கள் கணினியில் 'நைட் லைட்' ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். திரையே மஞ்சளாக இருந்தால், உங்களை அறியாமல் படத்தில் நீலத்தைக் கூட்டிவிடுவீர்கள். அதை அணைத்து, மானிட்டரை 6,500 கெல்வினுக்கு அமைத்து, மென்பொருளின் பின்னணியைச் சாம்பலாக வையுங்கள். ஒரே படத்தை வெகுநேரம் பார்த்தால் கண்ணும் அந்தச் சாயலுக்குப் பழகிவிடும். ஐந்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்து, வேறு படங்களுக்கு நடுவில் சிறு உருவமாக வைத்துப் பாருங்கள். சாயல் மிச்சம் இருந்தால் உடனே கண்ணில் படும்.