குதிரையின் கண்ணுக்கு 35,000 ரூபாய்: தண்டலா, நகையா, விற்பதா?

கேள்வி: அப்பா மெரினாவில் குதிரை சவாரி விடுகிறார். எங்களுக்கு இருப்பது ஒரே குதிரை, ஏழு வயது. சில நாட்களாக வலது கண்ணில் நீர் வடிகிறது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. பூ விழுந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. பார்த்த டாக்டர் கருவிழியில் புண் என்கிறார். ஆறு வாரம் தினமும் வந்து பார்க்க, மருந்தும் சேர்த்து 35,000 ரூபாய் ஆகுமாம். தீனிக்கு நாளுக்கு 350 ரூபாய். தண்டல்காரர் 40,000 தரத் தயார். அம்மாவிடம் நான்கு சவரன் நகை இருக்கிறது. ஒரு தரகர் குதிரையை இப்படியே 25,000-க்குக் கேட்கிறார். வேறு குதிரை வாங்க 80,000 வேண்டும். என் சம்பளம் 18,000. காணும் பொங்கலுக்குள் குதிரை தேறிவிடுமா என்று அப்பா கேட்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: தம்பி, பணம் எங்கிருந்து வரும் என்று முடிவாகும்வரை குதிரையை லாயத்தில் வைத்திருக்க வேண்டாம். கருவிழிப் புண் மோசமானால் ஓரிரு நாளிலேயே கருவிழி கரைந்து ஓட்டை விழும். அப்புறம் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அந்தக் கண் திரும்பாது. இன்றே ஒரு குட்டி யானை வண்டி பேசி, கண்ணில் வெயில் படாமல் மறைத்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பெரிய கால்நடைகளுக்கும் வைத்தியம் உண்டு, அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் குறைவு. முன்பு யாராவது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் இருந்தால் அதை ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து புண்ணுள்ள கண்ணில் விழுந்தால் பூஞ்சை வேகமாகப் பரவும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இது பெரிய ஆபத்து.

சரி, இனி கணக்கு. உங்கள் செலவு 35,000 மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். குதிரை வேலைக்குப் போகாவிட்டாலும் கொள்ளும் புல்லும் தின்னும். இரண்டு மாத ஓய்வு என்று வைத்தால் தீனிக்கே 21,000 ஆகிறது. ஆக, தேவை 56,000. தரகருக்கு விற்றுவிட்டு வேறு குதிரை வாங்கினால் கையிலிருந்து போவது 55,000. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அலைச் சத்தத்துக்கும், பட்டத்துக்கும், கூட்டத்தில் கத்தும் குழந்தைகளுக்கும் மிரளாத குதிரை சந்தையில் அப்படியே கிடைக்காது. புதிய குதிரையைப் பழக்கும் மாதங்களிலும் அதற்குத் தீனி போட வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புண்பட்ட கண்ணோடு உங்கள் குதிரையை வாங்குகிறவர் வைத்தியம் பார்க்கப் போவதில்லை, எங்காவது வண்டியில்தான் பூட்டுவார். ஏழு வயதில் அதற்கு இன்னும் பல வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. விற்காதீர்கள்.

35,000-ஐக் குறைக்க வழி இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்போம். அதில் பெரும்பங்கு தினமும் டாக்டர் வந்து போகும் செலவாகத்தான் இருக்கும். கருவிழிப் புண்ணுக்கு சில மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து போக வேண்டும். வலியில் இருக்கும் குதிரை தலையைத் தூக்கி அடிக்கும், இமையைத் திறக்க விடாது. இதற்காகவே இமை வழியாக ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைப் பிடரி மயிரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பிறகு கண்ணைத் தொடாமலே குழாய் வழியாக மருந்தைச் செலுத்தலாம். ஒருமுறை கற்றுக்கொண்டால் உங்கள் அப்பாவே செய்வார். டாக்டர் தினமும் வர வேண்டியதில்லை, அவர் சொல்லும் நாட்களில் காட்டினால் போதும். இந்தக் குழாய் நம் குதிரைக்குச் சரிப்படுமா என்று முதல் நாளே கேளுங்கள். கருவிழி கரைவதைத் தடுக்க, குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து சீரம் பிரித்துச் சொட்டாக விடுவதும் உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு. எழுதித் தரும் சொட்டு மருந்துகளில் பல மனிதர்களுக்கும் தருபவைதான், அதனால் அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். டாக்டரைக் கேட்காமல் மட்டும் மாற்ற வேண்டாம்.

தண்டல் வேண்டவே வேண்டாம். 40,000 என்று பேசினாலும் அதில் பிடித்தம் போகத்தான் தருவார்கள். 34,000 கையில் கொடுத்து, நாளுக்கு 400 வீதம் நூறு நாள் வசூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 6,000 மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். அதைவிட மோசம், மறுநாளே தவணை தொடங்கிவிடும். குதிரை படுத்திருக்கும்போது 350 ரூபாய் தீனிக்கும் 400 ரூபாய் தவணைக்கும் எங்கே போவீர்கள்? அந்த இடத்தில்தான் இரண்டாவது கடன் வருகிறது. எத்தனையோ குடும்பங்கள் அப்படி மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா சம்மதித்தால் நகையை வங்கியில் வையுங்கள். நான்கு சவரனையும் வைக்கத் தேவையில்லை. இன்றைய தங்க விலைக்கு ஒரு சவரனே கிட்டத்தட்ட போதும். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், அதே 34,000-க்கு நூறு நாளைக்கு 930 ரூபாய் அளவில்தான் வட்டி. அசலை ஆண்டு முடிவில் கட்டும் வகையையே கேட்டு வாங்குங்கள். தேவைப்படும்போது மேலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், முதலில் 20,000 மட்டும் எடுங்கள். தீனியை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள், கடனை அதில் கரைக்காதீர்கள்.

செலவுக்கு ஒரு எல்லையும் வேண்டும். "எத்தனை நாளில் முன்னேற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன?" என்று இப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று அவர் சொன்னால், மருந்துக்கே பணத்தைக் கொட்டிக்கொண்டு குதிரையை வலியில் நிறுத்தி வைப்பது சரியல்ல. அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் வலி தீரும், செலவும் அதோடு நிற்கும். ஒரு கண்ணோடு வேலை செய்யும் குதிரைகள் உண்டு. ஆனால் பழக நாளாகும். பார்வையில்லாத பக்கம் எப்போதும் உங்கள் அப்பா நடக்க வேண்டும், நெரிசலில் குழந்தைகளை ஏற்றுவது பற்றி டாக்டர் சொல்வதே முடிவு.

காப்பீடு இப்போது உதவாது. நோயுற்ற விலங்குக்குப் புதிதாக பாலிசி தர மாட்டார்கள். கால்நடைக் காப்பீடுகள் பெரும்பாலும் இறப்புக்குத்தான் பணம் தருகின்றன, வைத்தியச் செலவுக்கு அல்ல. ஆகவே குதிரை தேறியதும் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வசூலில் 200 ரூபாயை எடுத்து வைத்து, அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதாமாதம் போடுங்கள்.

காணும் பொங்கல் பற்றி அப்பா கேட்பது புரிகிறது. கடற்கரையில் வருடத்தின் பெரிய வசூல் அன்றுதான். ஆனால் தேதியை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோயால் வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பாதி ஆறிய கண்ணில் மணல் பட்டால் மறுபடி முதலிலிருந்து செலவு. டாக்டர் அனுமதித்தால் அன்றைய வசூலில் ஒரு பங்கை அசலில் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று நகையை வைக்கும்போதே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.