ஒரே வீச்சில் மார்புக் கவசம் பிளக்குமா?

வணக்கம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய 1415 அஜின்கோர்ட் போரில் உங்கள் கதையின் நாயகன் பிரெஞ்சு வீரனின் எஃகு மார்புக் கவசத்தை ஒரே வீச்சில் பிளக்கிறான், இது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இருகைப் பிடி வாளே ஒன்றரை கிலோ அளவில்தான் இருக்கும். வளைந்த தகட்டில் அது வழுக்கிப் போகும், கூர் வாய்தான் கெடும்.

அக்காலச் சண்டை வேறு மாதிரி. வலது கை பிடியில், இடது கை வாளின் நடுவில். வாள் குட்டை ஈட்டி ஆகிவிடும். இறுக்கிப் பிடித்து நழுவவிடாமல் இருந்தால் கை அறுபடாது, கையுறை வேறு உண்டு. அந்த முனையைத் தகடு மூடாத அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் குத்தி நெம்புவார்கள். வாளைத் தலைகீழாகப் பிடித்துக் குறுக்குக் காப்பால் (பிடிக்கு மேலே குறுக்காக உள்ள கம்பி) தலைக்கவசத்தில் அடிப்பதும் உண்டு. பார்க்க ஏதோ அடிதடி மாதிரிதான் இருக்கும், ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன், இத்தாலியக் கையேடுகளில் படத்தோடு இருக்கிறது.

அப்புறம் மல்யுத்தம். கீழே தள்ளி, முகமூடி இடுக்கில் ராண்டல் குத்துவாளை இறக்குவது. பிடியின் இரு முனையிலும் வட்டத் தகடு உள்ள கத்தி அது; ஓங்கிக் குத்தினாலும் கை நழுவாது.

நாயகனை ஆங்கில வில்லாளியாக வைத்தால் இன்னும் எளிது. அன்று சேற்றில் சிக்கிய கவச வீரர்கள்மீது வில்லாளிகள் சம்மட்டியும் கோடரியும் குத்துவாளுமாகப் பாய்ந்தார்கள். வீச்சுக் காட்சியை விடவே மனமில்லை என்றால், எதிரியின் கவசத்தைக் கழற்றிவிடுங்கள்.